கருங்குருவிக் காட்டில் நின்ற மாடு

"என் மாட்டை எதுக்குய்யா அங்க கொண்டுபோய் நிறுத்தின?"

"நான் எங்க நிறுத்தினேன்? படத்துலதானே நிக்குது."

"படத்துல நிறுத்தினாலும் நிறுத்தினதுதான். ஊர்ல எவ்வளவு இடம் கெடக்கு. ஆத்தங்கரை இல்லையா, மில்லுக்குப் பின்னாடி புல்வெளி இல்லையா? போயும் போயும் கருங்குருவிக் காட்டுலயா?"

"அங்கதான் வெளிச்சம் நல்லா விழுந்துச்சு, பெரின்."

"வெளிச்சத்தை நீயே வச்சுக்க. உள்ள போய் உட்காரப் போறது நான்."

தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கறி கூடாது என்பதால் சமையலறையில் உட்கார்ந்து குளத்துக் கெண்டைக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். சண்டை பக்கத்துக் கூடத்தில் நடந்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஒளிந்து கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பெரின் ஓவியரை 'நீ' என்று பேசி நான் கேட்டது அன்றுதான். அதுவரை எப்போதும் 'நீங்க', 'மொஸ்யே' என்ற மரியாதைதான்.

அவள் 'என் மாடு' என்றது எங்கள் வீட்டு ரூஸெத்தை. மேய்க்கிறவளுக்கு ஊர் மாடெல்லாம் தன் மாடுதான். எங்கள் ஊர் லா ஷெனேயில் காலையில் பெரின் கொம்பு ஊதிக்கொண்டு தெருவில் வருவாள். அவரவர் தொழுவத்தைத் திறந்து மாட்டை விடுவோம். சாயங்காலம் அவள் திரும்பக் கொண்டுவருவாள். சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு வீட்டில். நிலம் கிடையாது, புருஷன் செத்துப்போய் நாளாகிவிட்டது. மேயர் கொடுத்த அந்தக் கொம்புதான் அவளுக்கு எல்லாம். கொம்பு போனால் அவள் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

காட்டில் எல்லா இடத்திலும் மேய்க்க முடியாது. மரம் வெட்டிய பகுதியில் அடிக்கட்டையிலிருந்து புதுத்துளிர் வரும். அது மாட்டு வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை அந்தப் பகுதியை அடைத்துவிடுவார்கள். கருங்குருவிக் காடு அப்படி அடைத்த இடம். போன வசந்தத்தில் பனிமூட்டத்தில் இரண்டு கன்றுகள் வேறோர் அடைப்புக்குள் ஓடி, பெரின் பெயரில் ஒரு புகார் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இன்னொரு முறை பதிவானால் சிறை. சிறைக்குப் போனவள் கையில் எந்த மேயரும் கொம்பைத் திரும்பக் கொடுக்கமாட்டார். மாட்டுக்காரர்களான எங்களுக்கும் தண்டம் உண்டு. ஆனால் எங்களுக்கு அது தண்டத்தோடு முடிந்துபோகும்.

இனி ஓவியர். பெயர் அந்தெல்ம். லியோன் நகரத்து ஆள், ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் விடுதி மாடியறையில் பல வருடமாகத் தங்கி வரைகிறார். காடு, குளம், மாடு, வைக்கோல் வண்டி, இவைதான் அவருக்கு. வருஷா வருஷம் பாரிஸில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்புவார். வருஷா வருஷம் பெட்டி திரும்பி வரும். தேர்வுக்குழுவில் ஒருவர், உங்கள் படமெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வெறி. வெயிலோ மழையோ, குடையை நட்டு வெளியில் உட்கார்ந்துதான் வரைவார். கண் முன்னால் இல்லாத ஒரு புல்லைக்கூட வரைவதில்லை என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு என் கணவர் க்ளோவிஸ், அவர் வாயைத் திறக்கும்போதே அந்த வாக்கியத்தை முடித்துவிடுவார்.

போன ஆகஸ்டில் கடும் வறட்சி. அப்போதுதான் கருங்குருவிக் காட்டில் இந்தப் படத்தை வரைந்தார். பெரிய துணி. விடிந்ததும் போய் வெயில் மாறுவதற்குள் வந்துவிடுவார். அந்த ஒரு மணி வெளிச்சம்தான் வேண்டுமாம். படம் முடிந்து பனிக்காலம் முழுக்க என் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அதையே பார்ப்பார். நடுவில் ஓர் இடம் மொட்டையாக இருக்கிறது என்று புலம்புவார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மரம் சரி, வானம் சரி. கீழே மட்டும் ஏதோ காலியாக, யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி இருந்தது.

என் ரொட்டி அலமாரியின் கதவில் ஒரு மாடு உண்டு. அதற்கு முந்தைய வருஷம் விடாமல் பெய்த ஒரு மழை வாரத்தில் அவர் வரைந்தது. தொழுவ வாசலில் ரூஸெத் நின்றதைப் பார்த்து அப்படியே போட்டார். இடது கொம்பு தொங்கும், பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நிற்கும், கழுத்தில் மணி, தொடையில் எங்கள் ஊர் சூட்டுக்குறி. ஒருநாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் அலமாரிக் கதவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் ரூஸெத் கதவிலிருந்து இறங்கிக் கருங்குருவிக் காட்டுக்குள் போய் நின்றுவிட்டது. படம் உயிர் பெற்றது, பொய் சொல்லக் கூடாது. நானே கைதட்டினேன்.

பாரிஸுக்கு அனுப்பும் முன்னால் நகரத்து மண்டபத்தில் ஒரு வாரம் படத்தை வைத்தார்கள். கீழே அட்டையில், 'கருங்குருவிக் காடு, ஆகஸ்ட் காலை' என்று அவரே எழுதி வைத்திருந்தார். பார்க்க வந்த கூட்டத்தில் காட்டு இலாகா இன்ஸ்பெக்டர் மொர்வோவும் ஒருவர். இந்த மாடும் அங்கேயே நின்றதா என்று அவர் கேட்டிருக்கிறார். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் கண் முன்னால் நிற்காத ஒன்றை நான் வரைவதே இல்லை, நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் யார் என்று இவருக்குத் தெரியாது. மாட்டின் தொடையில் இருந்த சூட்டுக்குறியை மொர்வோ கிட்டத்தில் போய்ப் பார்த்தாராம். தத்ரூபமாக வரைந்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நகரத்தில் முட்டை விற்கப் போன ஒருத்தி மூலம் இந்தப் பேச்சு பெரின் காதுக்கு வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. மறுநாள் வண்டியில் படம் பாரிஸ் போவதாக இருந்தது. அந்தத் தடவை தேர்வாகிவிடும் என்று அவருக்கு நம்பகமான ஆள் மூலம் சேதி வந்திருந்தது. அரசாங்கமே வாங்கலாம் என்றுகூடப் பேச்சு. பெட்டிக்கு ஆணி அடிப்பதுதான் பாக்கி.

பெரின் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகரத்துக்குப் போய், மாடு அங்கே நிற்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து சேர்த்தேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஓவியர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தார். அவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றார். படத்தைச் சாட்சியாக எந்தக் கோர்ட்டும் எடுக்காது என்றார். நான் அப்படிச் சொன்னால் நாளைக்கே பாரிஸில் தெரிந்துவிடும், இத்தனை வருஷ உழைப்பும் ஒட்டுப்போட்ட துணியாகிவிடும் என்றபோது குரல் உடைந்துபோனது. எனக்கு இரண்டு பேர்மேலும் பரிதாபமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் குதிரைச் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் மொர்வோ ஒரு காவலரோடு உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், மரியாதையான பேச்சு. கெண்டை வாசனை நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். முதலில் வேலை என்றார். மேசையில் தாளை விரித்து, மைக்கூட்டைத் திறந்துவைத்தார். படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலிமேல் வெளிச்சத்தில் சாய்த்து வைக்கச் சொன்னார். க்ளோவிஸ்தான் தூக்கி வைத்தார். வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மொர்வோ முதலில் பெரினைப் பார்த்து, ஆகஸ்டில் அந்தக் காட்டுக்குள் மாடு ஓட்டினாயா என்று கேட்டார்.

"நான் சொல்றதையா எழுதிக்கப் போறீங்க?" என்றாள் பெரின். "வரைஞ்சவர் அங்கதான் நிக்கறாரு. அவரைக் கேளுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். அலமாரிக் கதவைக் காட்டி, இதே மாடு, இதே கால், இதே கொம்பு, முந்தைய வருஷமே எங்கள் தொழுவ வாசலில் வைத்து வரைந்தது என்றேன். மொர்வோ எழுந்து வந்து பொறுமையாகப் பார்த்தார்.

"அம்மா, ஒரு மாடு ரெண்டு இடத்துல ஒரே மாதிரி நிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே" என்றார்.

காவலர் சிரித்தார்.

பிறகு மொர்வோ ஓவியர் பக்கம் திரும்பினார். மண்டபத்தில் நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதை இங்கே திரும்பச் சொன்னால் போதும், எழுதிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். பேனாவை மையில் தொட்டுக் காத்திருந்தார். அந்தெல்ம் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வறட்சிக்காலம், வெயில், நினைவு சரியாக இல்லை என்று ஏதோ முனகினார்.

"ஒவ்வொரு இலையும் நினைவு இருக்கு உங்களுக்கு. இவ்வளவு பெரிய மாடு மறந்துபோச்சா?" என்றார் மொர்வோ.

பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை தாளில் விழுந்தது. அவர் அதை ஒற்றி எடுத்தார். என் அடுப்பில் வெண்ணெய் கருகும் வாசனை வந்தது. நான் போய் இறக்கிவைக்கவில்லை.

பெரின் தோளிலிருந்து கொம்பைக் கழற்றினாள். மேசையில் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓவியரைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல இதை நீங்களே ஊதுங்க, மொஸ்யே. மாடெல்லாம் உங்க சொல்லைக் கேக்குதே. நிறுத்தின இடத்துல நிக்குதே."

திரும்பவும் 'நீங்க'வுக்கு வந்துவிட்டாள். அது அவர் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பார்த்தேன், காது வரைக்கும் சிவந்தார்.

"ஒதில், கந்தல் துணி இருந்தா குடுங்க" என்றார் என்னிடம்.

மீன் துடைத்த துணி ஒன்றும் நல்ல துணி ஒன்றும் இருந்தன. நல்லதைக் கொடுத்தேன். அவர் தன் தூரிகைப் பெட்டியிலிருந்து வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் புட்டியை எடுத்துத் துணியில் ஊற்றினார். படத்தின் முன்னால் மண்டியிட்டார். என்ன செய்யப் போகிறார் என்று மொர்வோவுக்குப் புரிவதற்குள் ரூஸெத்தின் வாலில் கை வைத்துவிட்டார்.

வால் கரைந்தது. பிறகு தொடை. சூட்டுக்குறி செம்மண் குழம்பாகி வழிந்தது, அதைச் சுருட்டித் துடைத்தார். மாட்டைச் சேர்த்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அதன் வண்ணம் மேலே மட்டும்தான் காய்ந்திருந்தது. அடியில் ஆகஸ்டில் போட்ட வண்ணம் கல்லாய் இறுகியிருந்தது, அசையவில்லை. மாட்டின் வயிறு இருந்த இடத்தில் காய்ந்த புல் வந்தது. அதன்மேல் காலை வெயில் விழுந்த ஒரு மஞ்சள் திட்டு வந்தது. பழைய இலைகள்கூட ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்குத் தெரிந்த படம் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"பாருங்க" என்றார் அந்தெல்ம். "மாடு அங்க நின்னிருந்தா அது வயித்துக்குப் பின்னாடி இருந்த புல்லை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? ஆகஸ்ட்ல அங்க மாடு இல்ல. பனிக்காலத்துல, இந்த அம்மாவோட அலமாரிக் கதவைப் பார்த்து நான் சேர்த்தது. மண்டபத்துல நான் சொன்னது பொய். எழுதிக்குங்க."

பாதி மாடு போயிருந்தது. முன்னங்கால்களும் கழுத்தும் தலையும் மட்டும் புல்லுக்குமேல் நின்றன. பார்க்கவே பயமாக இருந்தது.

மொர்வோ எழுந்து கிட்டத்தில் வந்தார். குனிந்து பார்த்தார். மீதியையும் துடையுங்கள் என்றார்.

அந்தெல்ம் அசையவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தார். தான் தொட்ட இடத்தில் புல் தெரிகிறதா இல்லையா என்று கேட்டார். தெரிகிறது என்றார் மொர்வோ.

"அப்ப பாதி போதும். மாடு இல்லைன்னு காட்ட வால் போதாதா, தலையும் எதுக்கு? இது என் படம், ஐயா. இதுக்குமேல என்னைக் கொலை பண்ணச் சொல்லாதீங்க."

மொர்வோ தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு பெரினைப் பார்த்தார். அவள் கண் படத்தில் இல்லை, மேசைமேல் இருந்த கொம்பில் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, எடுக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். மைக்கூட்டை மூடினார்.

"உங்களைப் பெரிய சத்தியவான்னு நினைச்சேன், மொஸ்யே. நகரத்துல கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் அந்தெல்ம்.

மொர்வோ சாப்பிடாமலே போய்விட்டார். குதிரைச் சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை நாங்கள் நால்வரும் அப்படியே நின்றோம்.

பிறகு அந்தெல்ம் கதவைத் தாழிடச் சொன்னார். தாழிட்டேன். அவர் துணியைத் திரும்பவும் நனைத்து மாட்டின் தலையைத் துடைத்தார். தொங்கிய கொம்பு போனது, மணி போனது. அடியில் கருவாலி மரத்துத் துளிர்கள் வந்தன. அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக, ஆகஸ்டில் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்தவை. ஒன்றுக்கும் நுனி இல்லை. எல்லாம் ஒரே உயரத்தில் கடிபட்டிருந்தன.

பனிக்காலம் முழுக்க அந்தப் படம் என் கண் முன்னால்தான் நின்றது. அந்த இடம் மொட்டை என்று நானும்தான் சொன்னேன். ஏன் மொட்டை என்று யாரும் யோசிக்கவில்லை.

"மான்" என்றாள் பெரின். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மான்தான்" என்றார் அந்தெல்ம்.

அவர் தட்டில் வண்ணம் எடுத்தார். வண்டி மறுநாள் காலையில் வரும். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் ஒரு பெண்மானை வரைந்துவிட்டார், துளிர்கள்மேல் முகத்தை வைத்து மேய்வது மாதிரி. இத்தனை வருஷத்தில் அவர் மானை உயிரோடு பார்த்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். கால்கள் கொஞ்சம் ஆட்டுக்கால் மாதிரி வந்துவிட்டன. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரம் காயாமலே பெட்டியில் வைத்து, மேலே படாமல் கட்டை கொடுத்து ஆணி அடித்தார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. பெரின் கெண்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். போகும்போது கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓவியர் பக்கம் திரும்பாமல், "ஆட்டுக்கால், மொஸ்யே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

படத்தைப் பாரிஸில் எடுக்கவில்லை. மானுக்காகவா, நகரத்திலிருந்து பேச்சு போனதாலா, தெரியாது. பெட்டி திரும்பி வந்தது. இப்போது என் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மொர்வோ இந்தப் பக்கம் வந்தால் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தெல்ம் இன்னும் மாடியில்தான் இருக்கிறார். கண் முன்னால் இல்லாததை வரைவதில்லை என்ற அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டார்.

இதை எழுதக் காரணம் எனக்கும் க்ளோவிஸுக்கும் இன்னும் தீராத வழக்கு. போன ஆகஸ்டில் ஊரில் பாதி மாடுகளுக்கு மடி வற்றிப்போனது. ரூஸெத் மட்டும் வாளி நிறையக் கறந்தது. நான் பாலாடைக்கட்டி செய்து சந்தைக்கு அனுப்பினேன். எந்தப் புல்லைத் தின்று இந்தப் பால் என்று நான் பெரினைக் கேட்கவில்லை. அந்தத் துளிர்களைப் பார்த்த அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. க்ளோவிஸ் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் இதில் பிடிவாதமாக இருக்கிறார். அடைத்த காடு ஊருக்கே சொந்தம், நாளைய விறகு அதிலிருந்துதான், இன்ஸ்பெக்டர் போவதற்குள் இந்தப் பால் விஷயத்தை நாம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். நான் சொல்வது, படத்தில் இருந்த மாடு பொய், அந்தப் பொய்க்காக ஒருத்தி சிறைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் அன்றைய கேள்வி. துளிரைக் கடித்தது மானா மாடா என்று அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். லா ஷெனே விடுதி, மதாம் ஒதில் என்று போட்டால் வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். க்ளோவிஸ் பக்கம் என்றாலும் எழுதுங்கள். நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.